கீழோசையின் இடம்: சப்-ஊஃபர் வைப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

ஒலிபெருக்கி பற்றி நம்மிடையே நடந்த பேச்செல்லாம் பெரும்பாலும் அதிலிருந்து வரும் வார்த்தைகளைப் பற்றிய பேச்சாகவே இருந்துவிட்டது. மேடைத் தமிழ், அடுக்குமொழி, பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, சாதிப் பெருமைப் பாட்டு என்று பிரதியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு வாசித்தோம். பெட்டி எங்கே வைக்கப்பட்டது, எந்தச் சுவரை ஒட்டி வைக்கப்பட்டது, யார் வீட்டைப் பார்த்து நின்றது என்பதையெல்லாம் ரேடியோ செட்காரர் வேலை என்று ஒதுக்கிவிட்டோம். இது படித்தவன் புத்தி. ஓசையை அர்த்தமாக மட்டுமே கேட்டுப் பழகிய காது, அர்த்தம் ஏதுமில்லாமல் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதுகிற ஓசையைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நெஞ்சில் மோதும் அந்த ஓசையைத் தருகிற பெட்டிக்குச் சப்-ஊஃபர் என்று பெயர். செட்காரர்கள் ‘சப்’ என்பார்கள், அல்லது சும்மா ‘பேஸ்’ என்பார்கள். ‘சப்’ என்றால் கீழ். ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரையிலான அடியோசையை மட்டும் எடுத்துத் தருவது அதன் வேலை. தமிழிசை மரபில் கீழ்த்தாயிக்கு மெலிவு என்றும் மேல்தாயிக்கு வலிவு என்றும் பெயர். குரலை வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர்கள் சரிதான். கீழே போகப்போகக் குரல் மெலியத்தான் செய்யும். மின்சாரமும் பெட்டியும் வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. சுவரைத் தாண்டுவதும் தெருவைத் தாண்டுவதும் இப்போது மெலிவுதான்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இந்த விஷயத்துக்குத் தனிக் கனம் உண்டு. இங்கே கீழோசை இரண்டு விதமாக வரும். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றியும், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகிற வழியிலும், சுற்றுப்பட்டு ஊர்ப் பொங்கல்களிலும் பெட்டியிலிருந்து வருவது ஒன்று. பகல் வேளையில் எங்கோ தூரத்திலிருந்து ‘தும்’மென்று ஒரே தடவை வந்து, ஜன்னலை ஆட்டிவிட்டுப் போவது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டால் வீட்டிலிருப்பவர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். எந்தத் திசை, புகை தெரிகிறதா, அந்தப் பக்கம் நம்ம ஆள் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் செத்துப்போன மண் இது. வெடியின் கூரான சத்தத்தைக் காற்றும் மரமும் கட்டடமும் வழியிலேயே தின்றுவிடுகின்றன. மிஞ்சி ஊருக்கு வந்து சேர்வது அதன் கீழ்ப்பகுதி மட்டும். ஆகவே கீழோசை என்பது இந்த மக்களுக்குத் திருவிழாவும்தான், சாவுச் செய்தியும்தான். இதை எங்கே வைப்பது என்கிற கேள்வியை ‘ஹோம் தியேட்டர்’ வாங்கியவனின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

2

முதலில் ஓசையின் நீளம். நம்மூர் வெயிலில் ஓசை விநாடிக்கு 350 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை 7 சென்டிமீட்டர். 1,000 ஹெர்ட்ஸ் அலை 35 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸுக்கு வந்தால் அது 7 மீட்டர். 35 ஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர். அதாவது அடியோசையின் ஒரே அலை நம் வீட்டைவிடப் பெரியது. வைப்பது பற்றிய எல்லா விதிகளும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் பிறக்கின்றன.

சின்ன அலை வெளிச்சம் மாதிரி நடந்துகொள்ளும். ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் போகும். குறுக்கே ஒரு லாரி நின்றால் தடுக்கும். பெரிய அலைக்கு லாரியும் ஒன்றுதான், மனுஷனும் ஒன்றுதான், சுற்றிக்கொண்டு போய்விடும். மனிதத் தலையின் அகலம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுக்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது என்று ராலே 1907-ல் விளக்கினார். அறைக்குள்ளே, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அந்த வித்தியாசம் உதவாமல் போய்விடுகிறது. ஓசை இருக்கிறது, அதன் இடம் தெரிவதில்லை.

பழைய குழாய் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். வேப்ப மரத்திலும் கம்பத்திலும் கட்டிய கூம்புக் குழாயால் அடியோசையை எடுக்கவே முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. பேச்சுக்கு வேண்டிய நடுப்பகுதியை மட்டும் எடுத்து, வாய் திரும்பியிருக்கும் திசையில் வெகுதூரம் வீசும். அல்தூஸர் சொன்ன ‘விளித்தல்’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது: போலீஸ்காரன் ‘ஏய்’ என்கிறான், திரும்பிப் பார்க்கிறவன் குடிமகனாகிறான். குழாய் ஊரை விளித்தது. ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்றது. கேட்பவன் வரலாம், வராமல் இருக்கலாம், திட்டவும் செய்யலாம். சப் யாரையும் விளிப்பதில்லை. அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதவு, பாத்திரம், தகரக் கூரை, வயிறு என்று எல்லாவற்றையும் தன் கூடவே ஆட்டுகிறது. அதனிடம் ‘இல்லை’ என்று சொல்ல எந்தப் பக்கம் திரும்புவது?

3

இப்போது வீட்டுக்குள் வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரத்தில் கான்கிரீட் தளம். இதுதான் நம்மில் பாதிப் பேருக்கு வாய்த்த கச்சேரி மண்டபம்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஓசை போய்த் திரும்பும்போது, சுவருக்குச் சுவர் தூரம் அரை அலைக்குச் சமமாக இருந்தால் அந்த அதிர்வெண் அறைக்குள் மாட்டிக்கொள்ளும். பன்னிரண்டு அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும்; பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ் வாக்கில். அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடி என்பதால் 57 இரண்டு தடவை ஏறும். பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையே ‘ஊம்’ என்று கூடப் பாடும். பக்கத்துச் சுரம் காணாமல் போகும். பெட்டி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். பல நேரம் தப்பு செய்வது அறை.

இப்படி மாட்டிக்கொண்ட ஓசைக்கு அறைக்குள் ஒரு வரைபடம் உண்டு. சுவரோரம் அதன் அழுத்தம் உச்சம். நட்ட நடுவில் சூன்யம். நடு அறையில் நாற்காலி போட்டவனுக்கு அந்த 48 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. பின்சுவரில் சாய்ந்து பாயில் படுத்திருக்கும் பாட்டிக்கு அது மண்டையைப் பிளக்கும். ஒரே அறை, ஒரே பாட்டு, ஒரே நேரம். கேட்கும் இடம் மாறினால் பிரதியே மாறிவிடுகிறது.

பெட்டியை வைக்கும் இடத்துக்கும் இதே வரைபடம்தான். தரை, சுவர், மூலை என்று ஒவ்வொரு பரப்பை ஒட்டி வைக்கும்போதும் பரவ வேண்டிய ஓசை மடங்கித் திரும்பி வருகிறது. கணக்குப்படி ஒவ்வொரு பரப்புக்கும் 6 டெசிபல் வரை கூடும். தரையோடு ஒரு சுவர் சேர்ந்தால் 6. மூலையில் வைத்தால் 12. அதனால்தான் ‘மூலையில தூக்கி வை, நல்லா அடிக்கும்’ என்கிற வாய்மொழி விதி. அடிக்கும், மறுக்கவில்லை. காசு செலவில்லாமல் சத்தம் கூட வேண்டுமென்றால் மூலைதான் வழி. ஆனால் அறையில் மாட்டிக்கொள்ளும் எல்லா அதிர்வெண்களுக்கும் மூலை உச்சம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கிளப்பிவிடும். சத்தம் கிடைக்கும், சுரம் கிடைக்காது.

பிறகு எங்கே வைப்பது? இதற்கு ஒலிப் பொறியாளர்களிடம் ஒரு முறை இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்யும். நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் பெட்டியை ஏற்றி வையுங்கள். தவிலோ உறுமியோ சீராக ஓடும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். பிறகு தரையில் முட்டி போட்டு, பெட்டி வைக்க வசதிப்படும் இடங்களிலெல்லாம், காது பெட்டியின் உயரத்துக்கு வரும்படி தவழ்ந்து கேட்டுக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் குமுறும். ஒரு இடத்தில் செத்துக் கிடக்கும். ஒரு இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒரே அளவில் விழும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பெட்டிக்கு அதுதான் இடம். நீங்கள் எழுந்து போய் நாற்காலியில் உட்காரலாம்.

மிச்சமெல்லாம் நுணுக்கம். மற்ற ஸ்பீக்கர்கள் பெரிதாக இருந்தால் சப்புக்குப் போகும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கையகல ஸ்பீக்கர்களோடு வரும் சின்ன செட்டில் சப் இன்னும் மேலே வரைக்கும் பாட வேண்டியிருக்கும். அப்போது அதன் திசை தெரிந்துவிடும் என்பதால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவாக முன்பக்கமே வைப்பது நல்லது. ‘ஃபேஸ்’ பொத்தான் இருந்தால் இரண்டு பக்கமும் போட்டு, இருக்கையில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். பீரோ மேலும் பலகைத் தட்டின் மேலும் வைக்க வேண்டாம்; அவை தனியாகப் பாட ஆரம்பிக்கும். கடைசியாக, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெட்டி இருப்பதே தெரியாமல், அணைத்தால் மட்டும் ‘என்னமோ போச்சே’ என்று தோன்றினால் அளவு சரி.

தவழும் முறை ஏன் பலிக்கிறது? ஓசை பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் பரஸ்பரம் மாற்றி வைத்தாலும் இடையிலுள்ள உறவு மாறாது என்று 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகுத்தார், ராலே விரித்தார். இங்கிருந்து அங்கே என்ன கேட்குமோ அதுவேதான் அங்கிருந்து இங்கேயும் கேட்கும். இது வெறும் பௌதிகம். இதிலிருந்து நீதி கறக்கக் கூடாது என்று நண்பர்கள் சொல்லலாம். நான் கறப்பதாகவே இருக்கிறேன். பெட்டியின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டுமானால் கேட்பவரின் இருக்கையில் ஓசையை உட்காரவைத்துவிட்டு, உடையவன் தரையில் தவழ வேண்டியிருக்கிறது. உடையவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு அதைத் தீர்மானிக்க முடியாது. நம் கோட்பாட்டுப் புத்தகங்கள் ‘மற்றமை’ பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியதை இந்தச் செட்டு வேலை முட்டி தேய்த்துச் செய்துகாட்டுகிறது.

ஆனால் இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அது ஒரே ஒரு இருக்கையைத்தான் கணக்கில் எடுக்கிறது: விலை கொடுத்து வாங்கியவனின் இருக்கை. காம்பவுண்டு வீட்டிலும் வளவிலும் சுவர் ஒன்றுதான், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். சுவர் ஓசையைத் தடுக்கும் அளவு, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 800 ஹெர்ட்ஸைத் தடுப்பதைவிட 50 ஹெர்ட்ஸை 24 டெசிபல் குறைவாகத்தான் அந்தச் சுவர் தடுக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்குப் பாட்டு போவதில்லை. பாட்டின் அடி மட்டும் போகிறது. மெட்டு இல்லை, சொல் இல்லை, குரல் இல்லை, ‘தும் தும்’ மட்டும். நாள் பூராவும் திரி பின்னியோ தீப்பெட்டி ஒட்டியோ விட்டுவந்து படுத்திருக்கும் பெண்ணுக்கு உங்கள் இசை இந்த வடிவத்தில்தான் கிடைக்கிறது. பெட்டிக்கு அடியில் கனத்த ரப்பர் பாய் போட்டால் தரை வழியாகப் போவது குறையும். காற்று வழியாகப் போவது குறையாது. பொதுச்சுவரை விட்டு, அதிலும் இரண்டு பொதுச்சுவர் கூடும் மூலையை விட்டு, பெட்டியைத் தள்ளி வைப்பது ஒன்று. சத்தத்தை இறுதி செய்வதற்கு முன் ஒரு நடை அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வருவது இன்னொன்று. ‘அக்கா, ரொம்பக் கேக்குதா?’ என்று கேட்பதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை.

4

அகத்திலிருந்து புறத்துக்குப் போகலாம். ஓசைக்கருவியை இடத்தால் வகைப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு என்று தொடங்கி ஏழாகப் பிரிக்கிறார். மத்தளம் முதலானவை அகத்தில், உத்தமம். தண்ணுமை முதலானவை அகப்புறத்தில், மத்திமம். கணப்பறை முதலானவை புறத்தில், அதமம். சாவுக்கு அடிக்கும் நெய்தற்பறை எல்லாவற்றுக்கும் வெளியே, புறப்புறத்தில். கருவியின் ஓசைத் தரத்தை விளக்கும் பட்டியலாகத்தான் இதை வகுப்பறையில் படிக்கிறோம். யார் எங்கே நிற்கலாம் என்ற பட்டியலாகவும் இதைப் படிக்க முடியும். முழவுக்கு இடம் ஒதுக்கிய கை, முழவை அடிப்பவனுக்கும் இடம் ஒதுக்கிவிட்டது. பறையைச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்ற மறுப்பும், பறையை எங்கள் கலையாக நாங்களே எடுப்போம் என்ற மீட்பும், 90களில் தலித் அரசியல் களத்தில் ஒன்றோடொன்று மோதியது இந்த ஒதுக்கீட்டின் மீதான சண்டைதான்.

பெட்டி வந்து இந்தப் பட்டியலைக் கலைத்திருக்க வேண்டும். தோலைத் தொடாமல், ஆளைக் கூப்பிடாமல், பெட்டியே உறுமியின் அடிவயிற்று ஓசையைத் தருகிறது. வேலை போனவன் ஒருபுறம், இழிதொழிலிலிருந்து விட்டது சனியன் என்றவன் ஒருபுறம். ஆனால் ஒதுக்கீடு கருவியிலிருந்து இடத்துக்கு நகர்ந்துகொண்டது. தமிழ்க் கிராமம் ஒன்றில் கேசட் பாட்டைக் குழாயில் போடுவதே வழிபாட்டு நிகழ்த்துதலாக இயங்குவதைப் பால் கிரீன் 1999-ல் ‘எத்னோமியூசிகாலஜி’ இதழில் எழுதினார். ஓசை எட்டுகிற எல்லைதான் விழாவின் எல்லை என்று ஒப்புக்கொண்டால், அந்த எல்லைக்குள் சம்மதம் இல்லாமல் அகப்பட்டவர்களுக்கு என்ன பெயர்?

கோயில் திடலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேடைக்கு இடப்பக்கம் ஒரு அடுக்கு, வலப்பக்கம் ஒரு அடுக்கு. பார்க்க லட்சணமாக இருக்கும். அடியோசைக்கு இது மோசமான அமைப்பு. இரண்டு அடுக்கிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் நடுக்கோட்டில் ஓசை ஒன்றாகச் சேர்ந்து இரட்டிக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால், ஒரு அடுக்கு மற்றதைவிட அரை அலை தூரம் கூட இருக்கும் இடத்தில், 50 ஹெர்ட்ஸ் என்றால் மூன்றரை மீட்டர் கூட இருக்கும் இடத்தில், ஒன்றையொன்று தின்றுவிடும். கூட்டத்துக்குள் பேஸ் உள்ள வரிசை, இல்லாத வரிசை என்று மாறி மாறி விழும். நடுக்கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் விழாக் கமிட்டி; ‘நல்லாத்தான இருக்கு’ என்பார். ஓரத்தில் நிற்பவன் ‘பேஸ் பத்தல’ என்பான். செட்காரர் ஏற்றுவார். பத்து மடங்கு மின்சாரம் கொடுத்தால்தான் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் அந்த ஏற்றம் ஊர்க் கோடி வரைக்கும் போகும்.

சரியான வழி எளிது. சப்களையெல்லாம் ஒரே இடத்தில், மேடைக்கு முன் நடுவில், தரையோடு சேர்த்து அடுக்குங்கள். குழாய்க்கு உயரம் பலம். சப்புக்குத் தரை பலம். லோடு ஆட்டோ மேல் ஏற்றிவிட்டால் தரை தரும் பலம் குறைகிறது. நெருக்கி வைத்த இரண்டு பெட்டி, ஒரு பெட்டியைவிட 6 டெசிபல் கூடத் தரும். கூட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். குறைந்த மின்சாரத்தில் வேலை முடியும்.

பின்பக்கத்தையும் கவனிக்க வழி இருக்கிறது. முன்பெட்டிக்கு ஒன்றரை மீட்டர் வாக்கில் பின்னால் இன்னொரு சப்பை வைத்து, அதன் துருவத்தைத் தலைகீழாக்கி, ஓசை அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம், ஏறக்குறைய 4 மில்லி விநாடி, தாமதித்து விட்டால், பின்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முன்பக்கம் 60 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓசை சேர்ந்துகொள்ளும். தாமதம் கொடுக்கும் கருவி இன்று நடுத்தரமான சவுண்ட் சர்வீஸ்களிடமே இருக்கிறது. திடலுக்குப் பின்னால் யார் வீடு இருக்கிறது? பல ஊர்களில் பதில் எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் பின்பக்கத்தை ஓசையிலிருந்து விடுவிக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது. விடுவிக்க மனமிருக்கிறதா என்பது பொறியியல் கேள்வியாக இல்லை.

5

சட்டம் என்ன செய்கிறது? 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் காவல்துறை அனுமதிச் சீட்டில் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி என்றால் சாதியைக் குறிப்பிடும் பாட்டு கூடாது என்ற நிபந்தனையும் வரும். வார்த்தையை எடுத்துவிட்டால் வம்பு போய்விடும் என்பது நம் அரசின் பழைய நம்பிக்கை. 1997-ல் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் நடந்தபோது மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயரை எடுத்தார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. பெயர் போயிற்று. அதே மாதிரி, பாட்டிலிருந்து சாதியின் பெயரை நீக்கலாம். காலனியைப் பார்த்து வைத்த பெட்டியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸில் நீக்குவதற்குப் பெயர் ஏதும் இல்லை.

இதைவிட முக்கியமான செய்தி, அளக்கும் முறையில் ஒளிந்திருக்கிறது. விதியிலுள்ள 55, 45 எல்லாம் ‘ஏ’ எடையிட்ட டெசிபல். மனிதக் காது மெல்லிய கீழோசையைக் குறைவாகவே கேட்கிறது என்று 1933-ல் ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து வெளியிட்ட கோடுகளின் வழிவந்தது இந்த எடை. அந்தக் குறைவை ஈடுகட்ட மீட்டரே கீழோசையைக் கழித்துவிட்டுக் காட்டும். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழிவு; 50 ஹெர்ட்ஸில் 30. ஆக, உங்கள் வீட்டுக்குள் 50 ஹெர்ட்ஸ் ஓசை 85 டெசிபலில் நின்றால் மீட்டர் 55 என்று காட்டும். விதிப்படி எல்லாம் சரி. மெல்லிய ஓசைக்குப் பொருந்தும் கழிவை ஜன்னலை ஆட்டும் ஓசைக்கும் கொடுக்கிறோம். குழாயைத் தடைசெய்து பெட்டியை அனுமதித்தபோது, மீட்டர் கேட்கும் ஓசையை எடுத்துவிட்டு மீட்டர் கேட்காத ஓசையை உள்ளே விட்டோம்.

அரசுக்கு வேறு மீட்டர் தெரியாது என்று சொல்லவும் முடியாது. பட்டாசுக்கு அதே மத்திய அரசு 1999-ல் போட்ட விதியைப் பாருங்கள்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் ‘ஏ’, அல்லது உச்ச அளவாக 145 டெசிபல் ‘சி’. ‘சி’ எடை கீழோசையைக் கழிப்பதில்லை. 50 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் சொச்சம்தான் போகும். சோதனை நடக்கும் இடத்தைச் சுற்றி 15 மீட்டருக்கு ஓசையைத் திருப்பும் சுவரோ கட்டடமோ இருக்கக் கூடாது என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. சுவர் ஓசையை மாற்றும், தூரம் ஓசையை மாற்றும், கீழோசையைத் தனியாக அளக்க வேண்டும் என்பதெல்லாம் சிவகாசிச் சரக்கைச் சோதிக்கும்போது தெரிகிறது. சிவகாசிக்காரன் வீட்டுச் சுவரில் மோதும்போது மறந்துபோகிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டி, ‘சி’ அளவுக்கும் ‘ஏ’ அளவுக்கும் வித்தியாசம் 10 டெசிபலைத் தாண்டினால் கீழோசையைத் தனியாக ஆராய வேண்டும் என்கிறது. களத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மனுக் கொடுக்கும்போது ‘சத்தம் அதிகம்’ என்று எழுதினால் மீட்டர் உங்களைப் பொய்யனாக்கும். ‘ஏ’, ‘சி’ இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்தி, வீட்டுக்கு உள்ளேயும் அளக்கச் சொல்லுங்கள்.

6

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘ஒலி மாசு’ என்ற சொல்லாடலை அப்படியே கைக்கொள்ள நம்மால் முடியாது. அமைதி என்பது நகரத்து மேல்தட்டு விலை கொடுத்து வாங்கும் சொத்து. கண்ணாடி ஜன்னலும் ஏசியும் உள்ளவனுக்கு அது கிடைக்கும். வருஷத்தில் ஒரு தடவை தெருவில் ஆடுகிற சனத்தின் ஓசைதான் முதலில் அவன் கண்ணுக்கு மாசாகத் தெரியும். ஏப்ரல் 14 அன்று காலனியில் ஒரு பெட்டி வைக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். இதே விதிகள் எவ்வளவு கறாராகிவிடுகின்றன என்று தெரியும். கீழோசை நம் சனங்களின் உடம்பில் ஊறியது. தவிலின் தொப்பி, உறுமியின் முனகல், பறையின் அதிர்வு இல்லாமல் இங்கே சாமி வராது, சாவும் எடுபடாது. அதைப் பறித்துவிட்டு அமைதி தருகிறேன் என்பவனோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஓசையைக் கட்டியாள்வதுதான் அதிகாரத்தின் வேலை என்று அத்தாலி 1977-ல் எழுதியது சரி. ஆனால் அத்தாலியிடம் போய்ப் பெட்டியை எந்தச் சுவரோரம் வைப்பது என்று கேட்க முடியாதே.

பிரச்சினை ஓசை இன்னொன்றை மூடும் இடத்தில் இருக்கிறது. கெட்டிமேளம் எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் அமங்கலமான சொல்லோ தும்மலோ காதில் விழக் கூடாது என்று மூடுவதற்கு. நம் சடங்கு அறிந்த இந்தச் செய்தியைக் கேள்வியியலும் ஒப்புக்கொள்கிறது: பலமான கீழோசை தனக்கு மேலுள்ள ஓசைகளை மூடும், மேலோசையால் கீழோசையை அவ்வளவு எளிதில் மூட முடியாது. பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு பேசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வாய் அசையும், பேச்சு விழாது. அப்படியானால் ஒரு ஊரில் பெட்டி நிற்கும் இடம் யாருடைய பேச்சு அன்று கேட்காமல் போகலாம் என்பதன் வரைபடமும்கூட. பிள்ளை அழுவது, கிழவி கூப்பிடுவது, தெருமுனையில் ஒருவனை நாலு பேர் நிறுத்தி மிரட்டுவது, எல்லாம் அந்த மூடலுக்குள் போய்விடும். பகலில் ‘தும்’ என்று வந்தால் வாசலுக்கு ஓடிவரும் ஊருக்கு, இரவெல்லாம் ‘தும் தும்’ என்று அடித்துக்கொண்டிருந்தால் எந்தத் ‘தும்’முக்கு ஓடுவது என்று தெரியாமல் போகிறது.

பட்டாசு ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இடைவெளியின் கணக்கு நன்றாகத் தெரியும். அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம், ஒரு அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விதிகள். விதி மீறிய இடத்தில்தான் பிணம் விழுந்திருக்கிறது. எதை எங்கே வைப்பது என்பது அழகுப் பிரச்சினை இல்லை, யார் உயிரோடு இருப்பார் என்ற பிரச்சினை என்று கற்றுக்கொண்ட சனம் இது. அந்த அறிவைத் திடலுக்குக் கொண்டுவரச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

விழாக் கமிட்டியிலும், இலக்கிய விழாவிலும், நம் தோழர்கள் நடத்தும் கலை இரவிலும் பெட்டி இறக்கும் நாளில் மூன்று காரியம் செய்யலாம். சப்களை நடுவில் சேர்த்து, தரையில் வைக்கச் சொல்லலாம். சத்தத்தை ஏற்றுவதற்கு முன், கமிட்டியில் ரெண்டு பேர், ஊர்க் கோடியில் உள்ள கடைசி வீடு வரை, முக்கியமாகப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தெருவரை நடந்து போய், வீட்டுக்காரரைக் கேட்டு, உள்ளே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு வரலாம். அவர்கள் திரும்பி வந்து சொல்வதை வைத்து செட்காரர் அளவைப் பூட்டலாம். பட்டாசுக் கட்டோடு தண்ணீர் வாளி வைப்பது போல இதையும் ஒரு வழக்கமாக்கிவிடலாம். அந்த நடையில் கேட்டது என்ன என்று யாராவது எழுதி அனுப்பினால், சித்தாந்தக் கட்டுரைகளுக்கு நடுவே அதையும் இந்தப் பக்கங்களில் படிக்க விருப்பம்.